குமிழி ஊதும் பையன்

2022 டிசம்பர் 12. அட்டைத் தாள். ரூ. 540
2022 டிசம்பர் 17. அச்சு. ரூ. 300
2022 டிசம்பர் 19. லேமினேஷன். ரூ. 420
2022 டிசம்பர் 24. வெட்டுக்கூலி. இல்லை
2023 ஜனவரி 1. தட்டில் விழுந்த காணிக்கை. ரூ. 3,865

கடலூர் முதுநகரில் உள்ள ஒரு சிறிய சபையின் கணக்கு இது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளுக்கு ஆன செலவும் அதற்கு வந்த வரவும். படத்துக்கு என்று இதில் ஒரு வரியும் இல்லை. படம் சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்த அந்தப் படத்தை நினைத்துத்தான் அடுத்த மார்ச் மாதம் அட்டையைச் செய்த சார்லஸுக்கு நிம்மதி இல்லாமல் போனது.

வாக்குத்தத்த அட்டை என்னவென்று தெரியாதவர்கள் இருக்கலாம். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும், பீடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைப்பார்கள். வரிசையில் வந்து வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். புரட்டிப் பார்த்து எடுக்கக் கூடாது. எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கவும் கூடாது. கைக்கு எந்த வசனம் வருகிறதோ, அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆண்டவர் சொல்வது அதுதான். சிலர் அதை வாசற்கதவுக்கு மேல் ஒட்டுவார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பார்கள். "உங்க வீட்டுக்கு இந்த வருசம் என்னா வந்துச்சு?" என்று கேட்காமல் அன்று யாரும் பிரியாணிக்கு உட்கார மாட்டார்கள்.

அந்த அட்டைகளைச் சபைக்கு ஆண்டுதோறும் செய்து கொடுப்பவர் சார்லஸ். 1966இல் முதுநகரிலேயே பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சார்லஸ் பத்தாவது முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனார். அந்த அச்சகம் பின்னால் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை ஆயிற்று, அதன்பின் டி.டி.பி. சென்டர் ஆயிற்று. இப்போது வாசலில் ஜெராக்ஸ், தீசிஸ் பைண்டிங், கல்யாணப் பத்திரிகை என்று பலகை தொங்குகிறது. முதலாளி இறந்து அவர் மகன் தில்லைநாதன் கல்லாவில் உட்கார்ந்தார். ஜன்னலோர இருக்கையில் சார்லஸ் மட்டும் அப்படியே இருந்தார். காலையில் முதுநகரிலிருந்து பாசஞ்சர் வண்டி, மாலையில் அதே வண்டியின் இன்னொரு நடை. டிக்கெட் பரிசோதகர்களுக்கு அவருடைய முகமே சீசன் டிக்கெட்.

அவரும் மனைவி மாலதியும் பிள்ளை இல்லாதவர்கள். ஆனால் வீட்டில் பிள்ளை இல்லாமல் இல்லை. அக்கா இறந்தபோது அக்கா மகள் பிரிசில்லா ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகப் பையோடு வந்தவள் பி.காம். முடித்து, கல்யாணம் ஆகித்தான் அந்த வீட்டைவிட்டுப் போனாள். போனதும் தூரமில்லை, குடிகாடுதான். அவள் கணவன் சித்தார்த்துக்கு அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணமான ஆறு வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்குக் கரு கலைந்தது. மூன்றாவது நின்றது. 2023 ஜனவரி முதல் தேதி அவள் தட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது ஐந்து மாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள், "நகரும்மா, நாங்களும் எடுக்கணுமில்ல" என்றார்கள்.

அவளுக்கு வந்தது குமிழி ஊதும் பையன்.

அந்தப் படம் எப்படி அட்டைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு வருஷமும் ரோஜாப்பூ, சூரிய உதயம், அருவி என்று கலரில்தான் போடுவார் சார்லஸ். அந்த வருஷம் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததில் சபையில் கையிருப்பு குறைந்துபோயிற்று. கறுப்பு வெள்ளையில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ரோஜாப்பூவைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது. அதனால் நெட்டில் துழாவினார். வெளிநாட்டு மியூசியம் ஒன்று பழைய படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய டச்சுப் புத்தகங்களின் படங்கள். எல்லாம் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை. மயிரிழை மயிரிழையாகக் கோடு. லேசர் பிரிண்டரில் அடித்துப் பார்த்தார், கத்தி மாதிரி விழுந்தது. அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு வரி எழுத்து இருந்தது. கீழே பாட்டு மாதிரி நீளமாக எழுத்து. என்ன பாஷையோ, சபையில் யாருக்குப் புரியப் போகிறது? மேலும் கீழும் வெட்டினார். அந்த இடத்தில் தமிழ் வசனத்தை வைத்தார். இதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை, ஏனென்றால் வருஷம் முழுக்க அவர் செய்யும் வேலையே இதுதான். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவிலிருந்து இறந்துபோனவரை மட்டும் வெட்டி எடுத்துக் கண்ணீர் அஞ்சலிப் பேனரில் வைப்பார். பக்கத்தில் நின்ற மச்சான் தோளில் கை போட்டிருந்தால் அந்தக் கையையும் அழிப்பார். துக்க வீட்டுக்காரர்கள் வந்து, "தனியா நின்னு எடுத்த மாதிரியே இருக்குது" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

மொத்தம் பன்னிரண்டு படம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சில அட்டைகள் அடித்தார். குட்டியை இறுக அணைத்திருக்கும் குரங்குக்குத் தாயின் ஆறுதலைச் சொல்லும் வசனம். மீன் பிடிக்கும் பறி ஒன்று, அதைச் சுற்றி மீன்கள். அதற்கு மீனவர் வசனம். எரியும் மெழுகுவத்திக்கு வெளிச்ச வசனம். குண்டுக் குழந்தை ஒன்று உட்கார்ந்து சிப்பியில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு குமிழி ஊதிக்கொண்டிருந்தது. அதன் முழங்கைக்கு அடியில் உருண்டையாக ஏதோ ஒன்று. படத்தின் அடிப்பாகம் முழுக்க ஒரே கறுப்பு. சின்ன அட்டையில் அடித்தபோது அந்த இடம் மை கொட்டினாற்போல் விழுந்தது. பூசணிக்காயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்போடு வெட்டினார். வெட்டியபின் பளிச்சென்று இருந்தது. நீண்ட ஆயுளைத் தருவேன் என்ற பொருளில் வரும் வசனத்தை அதன் கீழே வைத்தார். பன்னிரண்டிலும் அவருக்குப் பிடித்தது அதுதான். அது பிரிசில்லாவுக்கே போய்ச் சேர்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்து, போனின் பின்புறம் இருக்கும் கண்ணாடி மாதிரியான கவருக்குள் அட்டையைச் சொருகிக்கொண்டாள். போனைக் காதில் வைத்துப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் குமிழி ஊதும் பையன் தெரிவான்.

பிப்ரவரி 20ஆம் தேதி, ஏழாம் மாதத்திலேயே, அவளுக்கு வலி எடுத்தது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன் பிறந்தான். எடை ஒரு கிலோ நூறு கிராம். மூச்சு தானாக வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெஷினில் மாட்டினார்கள். டாக்டர் அம்மா நல்ல மனுஷி. பொய் சொல்லவில்லை. "பாக்கலாம்மா, ஒவ்வொரு நாளா பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

அவர் சொல்லாததையெல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல், "ஒண்ணும் ஆவாது" என்றார்கள். மாலதி ஒருபடி மேலே போய்ச் சட்டமே போட்டுவிட்டாள். "அழுவக் கூடாது, சொல்லிட்டேன். அழுதா பால் வத்திப் போயிடும். புள்ளைக்கு நாளைக்குப் பால் வேணுமா வேணாமா?" பிரிசில்லா அழவில்லை. கறந்து கொடுக்கச் சொன்ன பாலும் அவளுக்கு முதலில் சரியாக வரவில்லை. மாலதி விடியலில் எழுந்து பால் ஊற வேண்டுமென்று பால்சுறா மீன் புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து, சோற்றோடு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுப்பாள். சார்லஸ் அதை ரயிலில் கொண்டுவந்து, மதியம் கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பெஞ்சில் கவிழ்ந்து கிடக்கும் போனைக் காட்டிச் சொல்வார்: "உனுக்கு என்னா வந்துச்சு, பாரு. ஆயுசு கெட்டி. கர்த்தர் முன்னாடியே சொல்லிட்டாரு." தினமும் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

மார்ச் இரண்டாம் வாரம் சந்திரலேகா கடைக்கு வந்தாள். பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை வைத்திருந்த காலத்தில் அவர்கள் வீடுகளில் என்னென்ன பொருள்கள் இருந்தன, எந்தப் புத்தகங்களை வாசித்தார்கள் என்பது அவளுடைய தீசிஸ். ஆறு அத்தியாயத்தை சார்லஸ் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் அடுக்கிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். அன்று அவள் கொண்டுவந்தது ஏழாவது.

"அண்ணா, அந்தப் படத்த கொஞ்சம் சின்னது பண்ணுங்க. கேப்ஷன் அடுத்த பக்கத்துக்குப் போவுது."

சார்லஸ் பக்கத்தை மேலே தள்ளினார். கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. அவருடைய குமிழி ஊதும் பையன். ஆனால் முழுசாக இருந்தான். முழங்கைக்கு அடியில் இருந்தது பூசணிக்காய் இல்லை. மண்டையோடு. பக்கத்தில் ஒரு ஜாடியில் பூ தலை தொங்கிக் கிடந்தது.

"இன்னாம்மா இது, எலும்பு மண்ட மாதிரி?"

"மாதிரி என்னா, மண்டையோடுதான். அதான்ணா விசயமே." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் பாடத்தை யாராவது கேட்டால் அவளுக்கு டீகூட வேண்டாம். "குமிழி எவ்ளோ நேரம் நிக்கும்? அவ்ளோதான் மனுசன்னு அர்த்தம். சின்னப் புள்ளய ஏன் போட்டாங்கன்னா, கெழவனுக்கு மட்டும் இல்ல, பொறந்த நிமிசத்துலேந்தே அதான் கணக்குன்னு காட்டறதுக்கு."

"இத போயி வீட்ல வச்சிருப்பாங்களா?"

"வேதப் புத்தகத்துக்குப் பக்கத்துலயே வச்சிருப்பாங்க. இந்த மாதிரிப் படங்க அவுங்களுக்கு வெளையாட்டு இல்லண்ணா. மேல ஒரு வரி இருக்கும், நடுவுல படம், கீழ பாட்டு. மூணும் சேந்தாதான் முழுசு. படம் உடம்பு, எழுத்து உயிருன்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க. எழுத்த எடுத்துட்டா படத்த வச்சு யாரு என்னா வேணா சொல்லலாம்."

சார்லஸ் மேசை இழுப்பறையைத் திறந்தார். மிஞ்சிய வாக்குத்தத்த அட்டைகள் அதில் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மெழுகுவத்திக்குத் தலையாட்டினாள். குரங்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாருக்குப் போச்சு?"

"மூணு நாலு வீட்டுக்கு. எங்க போதகருக்கும். ஏன்?"

"அந்தக் கொரங்கு பாசத்துல குட்டிய இறுக்கிக் கட்டிப் புடிச்சே கொன்னுடும்னு கத. புள்ளைக்கு ரொம்பச் செல்லம் குடுக்கறவங்களுக்குப் போடுற படம்."

கல்லாவிலிருந்த தில்லைநாதன் எழுந்தே வந்துவிட்டார். போதகரின் மகன் முப்பது வயதிலும் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான் என்பது சார்லஸ் சொல்லி அவருக்கும் தெரியும். "யோவ் சார்லசு, இது கரெக்டாத்தான்யா போயிருக்குது! அந்த மீன் படம்?"

"பறியா? வெளிய இருக்கற மீனு உள்ள போவத் துடிக்கும், உள்ள இருக்கறது வெளிய வரத் துடிக்கும். கல்யாணத்துக்குச் சொல்றது சார்."

"அது யாருக்குய்யா வந்துச்சு?"

"நவம்பர்ல கல்யாணம் ஆன ஜோடிக்கும் ஒண்ணு" என்றார் சார்லஸ்.

தில்லைநாதன் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துச் சந்திரலேகாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சார்லஸ் சிரிக்கவில்லை. அவள் கடைசி அட்டையைத் திருப்பினாள். இடுப்போடு வெட்டிய குமிழிப் பையனைப் பார்த்ததும் அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

"இது யாருக்குண்ணா?"

அவர் சொன்னார். கண்ணாடிப் பெட்டி, மெஷின், ஒரு கிலோ நூறு கிராம், எல்லாவற்றையும். தில்லைநாதன் கல்லாவுக்குத் திரும்பிப் போனார்.

சார்லஸ் சகுனம் பார்ப்பவர் இல்லை. தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று தில்லைநாதன் காலண்டரைப் புரட்டும்போது கேலி செய்பவர். பூனை குறுக்கே போனால், அதற்கும் ஏதோ வேலை இருக்கும் என்று தாண்டிப் போகிறவர். அப்படிப்பட்டவர் அன்றிலிருந்து அந்த மண்டையோட்டையே நினைத்துக்கொண்டிருந்தார். சகுனம் தானாக வந்தால் துடைத்துப் போட்டுவிடலாம். இது அவரே தேடிப் பிடித்து, அளவெடுத்து வெட்டி, லேமினேஷன் போட்டுக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, அதன்பின் யாராவது இந்தப் படத்துக்கு அர்த்தம் சொன்னால்? அவள் அதை எப்படித் தாங்குவாள்? மதியம் போய் உட்கார்ந்தால் "உனுக்கு என்னா வந்துச்சு, பாரு" என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் மாலதி, "ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டதற்கு, வெயில் என்று சொல்லிவிட்டார். மார்ச் மாதத்தில் என்ன பெரிய வெயில் என்று அவள் முறைத்தாள்.

கடைசியில் ஒரு வழி செய்தார். மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு சின்னக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் படம் ஒன்று அதே மியூசியத்தில் இருந்தது. அதைப் பதிவிறக்கிச் சந்திரலேகாவுக்கு அனுப்பினார். அர்த்தம் நல்லதா என்று கேட்டார். நல்லதுதான் என்றாள். கீழே இருட்டில் ஏதாவது இருக்கிறதா, நன்றாகப் பார் என்றார். ஒன்றுமில்லை அண்ணா, வெறும் மண்தான் என்றாள். மறுபடி ஒரு தரம் போன் செய்து கேட்டார். அதன்பின்தான் பழைய வசனத்தையே அதன் கீழே வைத்து, அதே அளவில் அடித்து, லேமினேஷன் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன் கவரைக் கழற்ற வேண்டும், அட்டையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் பழையது ஓரம் பிரிந்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை மதியம். தாய்மார்கள் காத்திருக்கும் அறையில் பிரிசில்லா தூக்கைத் திறந்து சோற்றில் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"போன குடும்மா, ரீசார்ஜ் பண்ணித் தரேன்."

"நேத்துதான் அவரு பண்ணாரு."

"அப்ப... அந்தக் கவரு அழுக்கா இருக்குது, தொடச்சுத் தரேன்."

அவள் கையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னா மாமா, முழியே சரியில்ல? கோழி திருட வந்தவன் மாதிரி ஒக்காந்திருக்க?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து சிஸ்டர் குரல் கேட்டது. "பேபி ஆஃப் பிரிசில்லா! பேபி ஆஃப் பிரிசில்லா அம்மா யாரு? சீக்கிரம் வாங்க!"

அந்த அறையில் அப்படிக் கூப்பிட்டால் எல்லாத் தாய்மார்களும் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டு, தன் பேர் இல்லை என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிரிசில்லா பிசைந்த கையோடு ஓடினாள். போன் பெஞ்சில் கிடந்தது.

சார்லஸ் போனை எடுத்தார். கவரைக் கழற்றினார். நகத்தால் நெம்பிப் பையனை வெளியே எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். தான் வெட்டிய இடம் எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்த ஓரத்துக்குக் கீழே, இப்போது காகிதத்தில் இல்லாத இடத்தில், அந்த உருண்டை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். புதியதைச் சொருகிக் கவரை மூடினார். உள்ளே யாரோ சத்தமாக ஏதோ சொன்னார்கள். ஒரு டிராலி உருண்டது. ஆண்டவரே, என் கைத் தப்பை அந்தப் பிள்ளை தலையில் வைக்காதே என்பதற்கு மேல் அவருக்கு ஜெபம் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிரிசில்லா வெளியே வந்தபோது அவள் கை கழுவியிருந்தது, முகம் நனைந்திருந்தது. சார்லஸ் எழுந்து நின்றார்.

"என்னாச்சு புள்ள?"

"மெஷின எடுத்துட்டாங்க மாமா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவனே மூச்சு வுடறான். என் நெஞ்சு மேல வச்சுப் பாக்கச் சொன்னாங்க. கங்காரு மாதிரி வச்சுக்கணுமாம். இத்தினிக்காண்டு இருக்கான், ஆனா சூடு, மாமா. அவ்ளோ சூடு. சாயங்காலத்துலேந்து தெனம் வைக்கணுமாம். அவருக்குப் போன் பண்ணணும், போன குடு."

கொடுத்தார். அவள் சித்தார்த் நம்பரை அழுத்தப் போனவள், போனைத் திருப்பிப் பார்த்தாள். மேகத்திலிருந்து ஒரு கை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எம் படம் எங்க?"

"அது ஓரம் பிரிஞ்சு..."

"மாமா."

சார்லஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. தான் வெட்டியது, வெட்டிய இடத்தில் இருந்தது, அந்தக் குமிழிக்கு டச்சுக்காரன் வைத்த அர்த்தம், போதகருக்கு வந்த குரங்கின் கதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் பிரிசில்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மண்டையோடுதான? எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"வந்த வாரமே தெரியும். இங்க நாள் பூரா என்னா பண்றது? பக்கத்துப் பெட்டு அக்கா போன வாங்கி இந்த அட்டையப் போட்டோ புடிச்சுத் தேடிப் பாத்தேன். இதே மாதிரி அம்பது படம் வந்துச்சு. மண்டையோடு, வாடின பூவு, எல்லாம். கீழ இங்கிலீசுல போட்டிருந்தான்."

"தெரிஞ்சுமா வச்சிருந்த?"

"ஆமா." அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க எல்லாரும் ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னீங்க. அத்த அழுவக் கூடாதுன்னாங்க. உள்ள போயி அவனப் பாத்தா எனக்குத் தெரியுது, அவன் எப்ப வேணா போயிடுவான்னு. அத யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. சொன்னா வாய மூடுன்னு சொல்லுவீங்க. இந்தப் படம் ஒண்ணுதான் வாய மூடுன்னு சொல்லல. ஆமா, அப்படித்தான், போனாலும் போயிடுவான்னுச்சு. அத வச்சுக்கிட்டு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். நல்லா அழுதேன். அன்னிக்குச் சாயங்காலந்தான் மாமா மொதல்ல பால் ஒழுங்கா வந்துச்சு. அத்தகிட்ட சொல்லிடாத."

சார்லஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் தெனம் ஆயுசு கெட்டின்னு சொன்னேனே. நீ தலைய ஆட்டுன."

"நீ சொல்லும்போது உனுக்குக் கண்ணு கலங்கும். சரி, மாமாவுக்காவது நம்பிக்க இருக்கட்டும்னு ஆட்டுனேன்." அவள் கையை நீட்டினாள். "குடு அத."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நடுவில் மடிந்திருந்தது. அவள் அதைத் தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கினாள்.

"இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று தண்ணீர் ஊற்றும் கையையும் பார்த்தாள். "ரெண்டும் இருக்கட்டும். வீட்டுக்கு ஒண்ணுதான்னு போதகரு சண்டைக்கு வந்தா, அவரு வூட்டுக் கொரங்கப் பத்தி நான் பேசறேன்."

அந்த இடத்தில்தான் சார்லஸ் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிரிசில்லா ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, தூக்கை அவர் கையில் கொடுத்து, "நாளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி வைக்கச் சொல்லு" என்றாள்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு ஓரத் தள்ளுவண்டியில் சைக்கிளை நிறுத்தி நாலு பஜ்ஜி தின்றார். கடைக்கு வந்து ஏழாவது அத்தியாயத்தில் மிச்சமிருந்த பக்கங்களைக் கட்டினார். மண்டையோடு இருந்த படத்தைச் சிறிதாக்காமல், கேப்ஷனை அதற்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து, முழுப் படமும் நிற்க இடம் பண்ணினார். சந்திரலேகாவுக்குச் செய்தி சொன்னதும் அவள், பிள்ளைக்கு என்று ஒரு பொம்மையை வாங்கி அனுப்பினாள். அன்று மாலை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பரங்கிப்பேட்டை தாண்டியதுமே தூங்கிவிட்டார். இத்தனை வருஷப் பயணத்தில் முதல் தடவையாக முதுநகர் ஸ்டேஷனைத் தவறவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் போய்க் கண் விழித்தார். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவரை, "வெயில் எறங்கிடுச்சா?" என்று மாலதி கேட்டாள்.

போதகரிடமும் அவர் போய்ச் சொன்னார். வசனம் சரியாக இருக்கும்போது படம் என்ன செய்துவிடும் என்றார் போதகர். குரங்கின் கதையைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்டம்மாகிட்ட இத நீங்களே சொல்லுங்களேன், நான் சொன்னா எடுபடாது" என்றார். சார்லஸ் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். பறி வந்த ஜோடிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அந்த அட்டையை பைக்கின் பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 22ஆம் தேதி, இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவாக, பையன் வீட்டுக்கு வந்தான். குடிகாட்டுக்குப் போகவில்லை, கம்பெனிக் காற்று வேண்டாம் என்று மாலதி முதுநகர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். இதுவரை ஆண்டவர் உதவினார் என்ற அர்த்தத்தில், ஞானஸ்நானத்தில் எபினேசர் என்று பேர் வைத்தார்கள். பயம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் இரத்தக் குழாய் சரியாக வளராமல் பார்வை போய்விடலாம், அதனால் விடாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து முதுநகர் விலாசத்துக்குத் தபாலில் கடிதம் வரும். இன்ன தேதிக்கு வரவும் என்று இருக்கும். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் சார்லஸ்தான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். கண்ணில் மருந்து விட்டு, இமை மூடாமல் கிளிப் மாட்டும்போது பையன் போடும் சத்தத்தில் வராந்தாவே அதிரும். பிரிசில்லா உள்ளே நின்று பிடித்துக்கொள்வாள். சார்லஸால் அதைப் பார்க்க முடியாது. வெளியே நின்று, பிள்ளைக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வயது ஒன்று முடிந்தபின் ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். தபால்காரர் பக்கிரி அதை நீட்டியபோது எபினேசர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அவருடைய சைக்கிள் மணிக்குக் கை நீட்டினான். சார்லஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்து, உரக்க வாசித்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நன்றாக உள்ளது. இனி இங்கு வரத் தேவையில்லை. மாலதி அடுப்பை அணைக்காமலே ஓடிவந்து, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். இன்னொரு தரம் வாசித்தார். கண் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதம் அது. வந்த தேதி, 2024 மார்ச் 11, திங்கட்கிழமை.